ஆங்கிள் கிரைண்டரால் இரும்பும் கல்லும் வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கிராண்ட்பாஸில் கேட், கிரில், படிக்கட்டுக் கைபிடி செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் 20 வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். ஹட்டன், பதுளைப் பக்கத்திலிருந்து வேலை பழக வரும் தம்பிமாரும், வீட்டு வேலையைத் தாங்களே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களும், டைல் பதிக்கிற பாஸ்மாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். ஆட்கள் காயப்பட்டதை நான் கிட்ட நின்று பார்த்த இடங்கள் அவை.

கையில் அடங்குகிற இந்தச் சின்ன மெஷினுக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

வேகம்தான் காரணம். சாதாரண 4 இஞ்சிக் கிரைண்டரின் டிஸ்க், அதாவது வெட்டவும் தேய்க்கவும் மாட்டுகிற வட்டத் தகடு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 தடவை சுற்றும். அந்தக் கணக்கில் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. தெற்கு அதிவேக வீதியில் காருக்கே 100தான் அனுமதி. அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிற ஒன்றை வயிற்றுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

டிஸ்க் இறுகினால் மெஷின் பாயும். உடைந்தால் துண்டு பறக்கும். இரண்டும் கண் இமைக்க முன்னரே நடந்து முடிந்துவிடும். "எனக்குக் கை நல்ல சுறுசுறுப்பு, இழுத்துக்கொள்வேன்" என்று சொல்கிற தம்பிமாரிடம் நான் சொல்வது, அந்த நேரத்தில் கை அசையக்கூட அவகாசம் இருக்காது என்பதுதான். சுவிட்சைப் போடுவதற்கு முன் நீங்கள் எதைச் செய்து வைத்தீர்களோ அது மட்டும்தான் உங்களோடு இருக்கும்.

டிஸ்க்கை மூடுகிற கவரைக் கழற்றினால்தான் வேலை ஓடும் என்று எங்கள் பாஸ் சொல்கிறார். கழற்றலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறதென்றால் இதை வாசியுங்கள்.

எங்கள் பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் பழைய கிரைண்டர் கவர் ஒன்று தொங்குகிறது. ஒரு பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே புடைத்திருக்கும். அந்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்து, இப்போது துருப்பிடித்துப் போயிருக்கிறது. 19 வயதுப் பொடியன் ஒருவன் 2 இஞ்சி ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) வெட்டிக்கொண்டிருந்தபோது கட்டிங் டிஸ்க் உடைந்து, ஒரு துண்டு உள்ளே அடித்த அடி அது. கவரைத் திரும்ப மெஷினில் பூட்டி, அவன் நின்ற மாதிரியே நின்று பார்த்தோம். புடைப்பு நேராக அவன் கழுத்தைப் பார்த்திருந்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான், பிறகு வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது வத்தளையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான்.

கவரைக் கழற்றுகிறவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். கோடு தெரியவில்லை என்பது ஒன்று. கவரைத் தளர்த்தித் திருப்பி வைக்கலாம்; உங்கள் உடம்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் அது இருந்தால் போதும். மூலைக்குள் போகவில்லை என்பது இரண்டாவது. அந்த மூலையை ஹெக்ஸோ பிளேடால், அதாவது இரும்பு அறுக்கும் கைவாளால் முடியுங்கள், பத்து நிமிடம் கூடப் போகும், போகட்டும். மூன்றாவது, பெரிய டிஸ்க் போட வேண்டும் என்பது. அதற்குத் தனியாகவே பதில் எழுத வேண்டும்.

இன்னொன்று. மெஷினோடு வரும் கவர் பெரும்பாலும் தேய்ப்பதற்கானது, டிஸ்க்கின் ஒரு பக்கத்தை மட்டும் மூடும். வெட்டுவதற்கு இரண்டு பக்கமும் மூடுகிற கவர் இருக்கிறது. உங்கள் மெஷினின் மாடலைச் சொல்லிக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

4 இஞ்சிக் கிரைண்டரில் 7 இஞ்சி டிஸ்க் போட்டால் என்ன?

டிஸ்க்கின் முகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அதிகபட்சச் சுற்று, மற்றது விநாடிக்கு எத்தனை மீட்டர் என்பது. சிவப்புக் கோடு போட்ட சாதாரண டிஸ்க் எல்லாம் விநாடிக்கு 80 மீட்டர் தாங்கும்படி செய்தவை. அதன்படி 4 இஞ்சி டிஸ்க் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேலும் தாங்கும். 7 இஞ்சி டிஸ்க் 8,500 அளவுக்குத்தான் தாங்கும், 9 இஞ்சி 6,600 அளவுக்கு.

7 இஞ்சி டிஸ்க்கை 11,000 சுற்று ஓடுகிற சின்ன மெஷினில் மாட்டினால் விளிம்பின் வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். அது தாங்க வேண்டிய அளவுக்கு மேலே 20 மீட்டருக்கும் அதிகம். கவரும் இல்லாமல்தான் அதை மாட்ட முடியும். இப்படி மாட்டிய மெஷினை எந்த வேலைத்தளத்தில் கண்டாலும் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போங்கள். பாதி தேய்ந்த 9 இஞ்சி டிஸ்க்கைச் சின்ன மெஷினில் போட்டு முடிப்பதும் இதே தவறுதான்.

நடு ஓட்டையையும் பாருங்கள். 4 இஞ்சி டிஸ்க்குக்கு 16 மில்லிமீட்டர், அதற்கு மேலே உள்ளவற்றுக்கு 22.23. ஓட்டை பெரிதாக இருக்கிறதென்று கம்பியைச் சுற்றி, கடதாசியை மடித்து வைத்து இறுக்கினால் டிஸ்க் நடுவில் நிற்காது, அதிர்ந்தே உடையும்.

இரும்பு, ஸ்டெயின்லெஸ், டைல், கருங்கல், கொங்கிரீட்: எதற்கு எந்த டிஸ்க்?

பொக்ஸ் பார் (சதுரக் குழல் இரும்பு), பைப், மெல்லிய தகடு எல்லாவற்றுக்கும் 1 மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்க் போதும். சீக்கிரம் வெட்டும், சூடு குறைவு. தடித்த கம்பி, ஆங்கிள் என்றால் கொஞ்சம் தடித்த டிஸ்க். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு இனொக்ஸ் என்று எழுதியதை வாங்குங்கள். சாதாரண இரும்பு வெட்டிய டிஸ்க்கையே போட்டால் வெட்டிய இடம் பிறகு துருப்பிடித்து, வீட்டுக்காரர் வந்து நிற்பார். அலுமினியம் சாதாரண டிஸ்க்கில் ஒட்டி அடைத்துவிடும், அதற்கும் தனி டிஸ்க் இருக்கிறது.

டைல், கருங்கல், கொங்கிரீட்டுக்கு டயமண்ட் பிளேட். விளிம்பு முழுதும் ஒரே தொடராக இருப்பது டைலுக்கு. சில்லுத் தெறிக்காமல் சுத்தமாக வெட்டும். விளிம்பில் அலை அலையாக இருக்கும் டர்போ பிளேட் கருங்கல்லுக்கு நல்லது. இடையிடையே பிளவு விட்டது கொங்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும். பிளேடில் அம்புக்குறி போட்டிருக்கும், மெஷினின் சுழற்சித் திசையோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே இறக்கில் ஆழமாக வெட்டாதீர்கள். முதலில் 2, 3 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு, பிறகு அதே கோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக. இடையில் வெளியே எடுத்துச் சில விநாடி காற்றில் ஓட விட்டால் பிளேட் ஆறும்.

கட்டிங் டிஸ்க்கைப் படுக்கவைத்து, வெல்டிங் பிசிறைத் தேய்க்கவே கூடாது. அந்த மெல்லிய டிஸ்க் விளிம்பால் வெட்டச் செய்தது. பக்கவாட்டில் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு விடும். சுவரில் தொங்குகிற அந்தக் கவரின் கதையும் இதுதான்: முதல் நாள் வேறொருவர் அதே டிஸ்க்கால் பிசிறு தேய்த்திருந்தார்.

டிஸ்க்குக்கு எக்ஸ்பயரி இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள். மாதமும் வருடமும் அடித்திருக்கும். பிசின் வைத்துச் செய்த கட்டிங், கிரைண்டிங் டிஸ்க்குகளுக்கு வழக்கமாகத் தயாரித்ததிலிருந்து 3 வருடம். டயமண்ட் பிளேடுக்கு இது பொருந்தாது, அதில் பிசின் இல்லை.

கொழும்பு மாதிரிக் கடல் காற்றும் ஈரமும் உள்ள ஊரில் அந்தத் திகதியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். டிஸ்க்கின் மணலைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் ஈரத்தில் பலம் குறையும். பழைய சோனகத் தெருவில் கடைக்குக் கடை டிஸ்க் கிடைக்கும். எடுத்தவுடன் வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். திகதி இல்லை, சுற்று எண் இல்லை, ஈ.என். 12413 போன்ற தர எண்ணும் இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கி வந்ததை மூடியுள்ள ஒரு டப்பாவில் படுக்கையாக வையுங்கள். மழையில் நனைந்த டிஸ்க்கைக் காயவைத்துப் பாவிக்க வேண்டாம். உயரத்திலிருந்து விழுந்ததையும் எறிந்துவிடுங்கள். வெடிப்பு தெரியவில்லை என்பதால் வெடிப்பு இல்லை என்று ஆகாது.

டிஸ்க் மாட்டும்போது எதைக் கவனிப்பது?

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்ச் ஓஃப் என்பது போதாது. பிளக் உங்கள் கண்ணெதிரே தரையில் கிடக்க வேண்டும். உள்பக்க வளையத்திலும் வெளிநட்டிலும் மணல் ஒட்டியிருந்தால் துடையுங்கள், சிறு கல் இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து நிற்கும். நட்டுக்கு இரண்டு முகம் உண்டு. மெல்லிய டிஸ்க்குக்கு ஒன்று, தடித்ததுக்கு மற்றது. கொடுத்த சாவியால் இறுக்கினால் போதும், அடித்து இறுக்கத் தேவையில்லை. டிஸ்க் மாற்றும்போது அச்சைப் பூட்டி நிறுத்துகிற ஸ்பிண்டில் லொக் பட்டனை, டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது அமுக்கவே கூடாது.

புது டிஸ்க் மாட்டியதும் ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, நீங்களும் டிஸ்க்கின் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று, ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். பழுதான டிஸ்க் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் உடையும்.

வெட்டும்போது மெஷின் திருப்பி உதைத்தது. ஏன் அப்படி?

வெட்டு வாய் மூடி டிஸ்க்கை இறுக்கியிருக்கும். அனேகமாக இதுதான்.

பைப்பின் இரண்டு முனைக்கும் கீழே இரண்டு செங்கல்லை வைத்து நடுவில் வெட்டுகிறார்கள். வெட்டு ஆழமாகும்போது பைப் தன் பாரத்திலேயே நடுவில் தொய்கிறது. தொய்ந்தால் மேல்பக்க வாய் மூடுகிறது. டிஸ்க் அங்கே மாட்டிக்கொள்ள, ஓடிய வேகம் முழுக்க மெஷினுக்குத் திரும்பி, அது உங்கள் பக்கம் எகிறுகிறது. அதையே ஒரு பக்கத்தை வைஸில் அல்லது கிளாம்பில் இறுக்கி, வெட்டி விழ வேண்டிய துண்டை வெளியே தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். துண்டு கீழே சாயச் சாய வாய் திறந்துகொண்டே போகும். காலால் மிதித்துப் பிடித்து வெட்டுவது கொழும்பில் எந்த வேலைத்தளத்திலும் பார்க்கலாம். கால் அசையும், பைப் உருளும், டிஸ்க் முறுகும். ஒரு ஜோடி கிளாம்பின் விலை ஒரு நாள் கூலிக்கு மேல் வராது.

மற்றக் காரணங்கள்: வெட்டும்போது மெஷினைச் சாய்ப்பது, வளைவாக வெட்டப் பார்ப்பது, வெட்டுக்குள் டிஸ்க்கை வைத்தபடியே சுவிட்ச் போடுவது. முழு வேகம் வந்த பிறகு மெதுவாக இறக்குங்கள். தள்ளும் திசையும் முக்கியம். டிஸ்க் சுழலும் திசைக்கு எதிராகத்தான் மெஷினைக் கொண்டுபோக வேண்டும், மாறினால் அது வெட்டிலிருந்து ஏறித் தானே ஓடப் பார்க்கும்.

பக்கக் கைபிடி பூட்டியிருக்க வேண்டும், இரண்டு கையும் மெஷினில் இருக்க வேண்டும். முகமும் நெஞ்சும் டிஸ்க்கின் கோட்டுக்கு வெளியே. தோளுக்கு மேலே தூக்கி வெட்டாதீர்கள். ஏணியில் நின்று வெட்டுவதை நான் எந்தக் காசுக்கும் செய்ய விடமாட்டேன். வெட்டி முடிந்ததும் டிஸ்க் முழுதாக நிற்கும் வரை கையிலேயே வைத்திருங்கள்.

நான் எப்போதும் கண்ணாடி போடுகிறவன். அது போதாதா?

பவர் கண்ணாடி என்றால் போதாது. பக்கங்கள் திறந்திருக்கும், கண்ணாடியும் அந்த அடிக்குச் செய்ததல்ல. ஈ.என். 166 அல்லது இசட் 87 என்று அச்சிட்ட, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டு, அதற்கு மேலே முகம் முழுதும் மறைக்கும் ஷீல்டையும் போடுங்கள். ஷீல்ட் மட்டும் போட்டால் கீழ்ப் பக்கமாகப் பொறி ஏறும்.

கண்ணில் இரும்புத் துகள் போனால் நம்மாட்கள் செய்வதை நினைத்தால் எனக்குப் பதறும். சாரத்தின் நுனியைத் திரித்து எடுக்கிறார்கள், காந்தம் பிடிக்கிறார்கள், தாய்ப்பால் விடுகிறார்கள். எதுவும் வேண்டாம். வெறும் தூசி என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவலாம். வெட்டும்போது பட்டென்று ஏதோ அடித்த மாதிரி இருந்தால் தேய்க்காமல், அழுத்தாமல், ஒரு கடதாசிக் கப்பின் அடியைக் கண்ணின் மேல் மூடி ஒட்டி, நேராக லிப்டன் சேர்க்கஸ் பக்கத்திலிருக்கும் தேசிய கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேகமாக வந்த துகள் மிகச் சின்னத் துளையால் உள்ளே போய்விடும். வலி இல்லாமலும் இருக்கலாம், பார்வையும் அன்று சரியாகவே இருக்கலாம். உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்துத்தான் விழித்திரையைக் கெடுக்கிறது. டாக்டரிடம் "கிரைண்டர் வேலை செய்தேன்" என்ற வார்த்தையைக் கட்டாயம் சொல்லுங்கள். எந்த ஸ்கான் எடுக்கலாம், எது கூடாது என்று அவர்கள் முடிவெடுப்பது அதை வைத்துத்தான். உள்ளே இரும்பு இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுத்தால் அது நகர்ந்து கண்ணையே கிழிக்கும்.

டைல், கிரனைட் வெட்டும் தூசி அவ்வளவு கெடுதலா? துணி கட்டிக்கொண்டால் போதுமா?

துணி போதாது. கோவிட் காலத்தில் வாங்கி மீந்த நீல மாஸ்க்கும் போதாது. கருங்கல், கொங்கிரீட், டைல் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. வெட்டும்போது அது கண்ணுக்கே தெரியாத பொடியாகி நுரையீரலின் அடி வரை போய்த் தழும்பாக்கிவிடும். சிலிகோசிஸ் என்று பெயர், குணப்படுத்த மருந்து இல்லை. வருடங்கள் கழித்துத்தான் தெரியும் என்பதால் யாரும் பயப்படுவதில்லை.

இப்போது கொழும்பு அடுக்குமாடிகளின் குசினி மேடைக்கு எல்லாரும் கேட்கிற செயற்கைக் குவார்ட்ஸ் கல் இன்னும் மோசம். அதில் சிலிக்கா 90 வீதத்தையும் தாண்டலாம், இயற்கைக் கிரனைட்டில் ஏறக்குறைய 30 வீதம்தான். அந்தக் கல்லை வெட்டியவர்கள் இளம் வயதிலேயே நோயாளியானதைப் பார்த்துத்தான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது.

என் ஆலோசனை இது. நேர் வெட்டுக்களை எல்லாம் கையால் இழுக்கும் டைல் கட்டரில் முடித்துவிடுங்கள், தூசியே வராது. குழாய்க்கு ஓட்டை, மூலைக்கு எல் வெட்டு, இவற்றுக்கு மட்டும் கிரைண்டர். நிறைய வெட்ட வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டி வைத்த டைல் வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுங்கள். சாதாரண கரண்ட் கிரைண்டரின் மேல் போத்தலால் தண்ணீர் ஊற்றுவதைச் செய்யாதீர்கள், அது அதற்காகச் செய்த மெஷின் அல்ல. தூசி உறிஞ்சும் கவரும் வெக்கியூமும் கிடைத்தால் நல்லது. எப்படியும் முகத்தில் N95 அல்லது அதற்கு மேலான மாஸ்க், மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, காற்று பக்கத்தால் வராதபடி. தாடி இருந்தால் அது ஒட்டி நிற்காது. வேலை முடிந்து தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், அதே உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டைக் கிரைண்டரால் வெட்டலாமா?

வேண்டவே வேண்டாம். நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987இல் தடையானது, ஆனால் வெள்ளை அஸ்பெஸ்டஸ் கலந்த தகடு நம் ஊரில் எத்தனையோ கூரைகளில் இருக்கிறது. எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிரைண்டரை வைத்தால் அந்த நார் தெரு முழுக்கப் பறக்கும், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பிலும் படியும். சீட்டை நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி முழுதாக இறக்குங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நனைத்தபடியே கைவாளால், நல்ல மாஸ்க் போட்டு.

கையுறை போடலாமா? சாரத்தோடு வேலை செய்யலாமா?

கைக்கு இறுக்கமான தோல் கையுறை நல்லது. நூல் தொங்குகிற, தளர்ந்த பருத்திக் கையுறை டிஸ்க்கில் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். அதைவிட வெறுங்கை மேல்.

சாரம் வேண்டாம், கழுத்துச் சால்வையும் வேண்டாம். பொலியெஸ்டர் டீசேர்ட்டில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி நீளக்காற்சட்டை, மூடிய சப்பாத்து. கோயிலில் கட்டிய கைநூல் புதிதாய்த் தொங்கிக்கொண்டிருந்தால் சட்டைக் கைக்குள் செருகிவிடுங்கள்.

காதுக்கும் ஏதும் வேண்டுமா?

வேண்டும். கிரைண்டரின் சத்தம் 100 டெசிபலைத் தொடும். அந்தச் சத்தத்தில் பாதுகாப்பில்லாமல் 15 நிமிடம்தான் ஒரு நாளைக்கு இருக்கலாம் என்பது கணக்கு. காது அடைப்பான் மிக மலிவு. என் இடது காதில் இப்போது ஓயாமல் ஒரு இரைச்சல் இருக்கிறது, இரவில் அதிகம் கேட்கும்.

கரண்ட் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

வயரின் இரண்டு நுனியையும் சீவி, சொக்கெட்டுக்குள் தீக்குச்சியால் இறுக்கி வேலை செய்வதை நிறுத்துங்கள். பிளக் போடுங்கள். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்துகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் வேலை செய்யுங்கள், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருக்கால் அமுக்கிப் பாருங்கள். சுருள் எக்ஸ்டென்ஷன் என்றால் முழு வயரையும் வெளியே இழுத்துவிடுங்கள், சுற்றி வைத்தபடி பாவித்தால் உள்ளே சூடேறி உருகும். வயர் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் நாங்கள் பழகிய பழக்கம் ஒன்றை இன்றும் விடவில்லை. தள்ளும் சுவிட்ச் வைத்த கிரைண்டர், கரண்ட் போகும்போது ஓனிலேயே நின்றுவிடும். மறந்துபோய் மேசையில் வைத்திருப்போம். கரண்ட் வந்ததும் ஆளில்லாமல் தானே ஓடத் தொடங்கி, மேசையில் துள்ளி விழும். ஆகவே கரண்ட் போன உடனே சுவிட்ச் ஓஃப், பிளக் வெளியே. புதிதாக வாங்குகிறவர்கள் கையை எடுத்தால் தானே நிற்கிற சுவிட்ச் உள்ளதைக் கேளுங்கள்.

சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டப் போகிறீர்களென்றால் மெயினை நிறுத்திவிட்டு வேறு இணைப்பிலிருந்து வேலை செய்யுங்கள். சொக்கெட்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் போகும்.

பொறி எவ்வளவு தூரம் போகும்?

10 மீட்டர் போவதை நானே அளந்திருக்கிறேன். தின்னர் டின், பெயின்ட் துணி, மரத்தூள், வாகனம், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் முதலில் அகற்றுங்கள். கண்ணாடி யன்னலிலும் பளபளக்கும் டைலிலும் பொறி பட்டால் சின்னப் புள்ளிகளாகக் குத்தி நிற்கும், பிறகு எதனாலும் போகாது. வெள்ளவத்தை மாடி வீட்டு பல்கனியில் வெட்டுகிறவர்கள் கீழே ஒருமுறை எட்டிப் பாருங்கள். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் பொறி அதோடு நிற்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல். முடிந்த பிறகு அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை யாராவது அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், புகைந்துகொண்டிருப்பது பிறகுதான் பற்றும்.

மூடிய பீப்பாயை, எண்ணெய் டிரம்மை, பழைய பெற்றோல் டாங்கியை வெட்டாதீர்கள். கழுவினேன், காலிதான் என்பது கணக்கில்லை. உள்ளே மீந்த ஆவிதான் வெடிக்கும்.

மரம் வெட்டும் பல்லு பிளேடைக் கிரைண்டரில் போடலாமா?

போடாதீர்கள். அந்த வேகத்துக்கு அது செய்யப்படவில்லை, கவருக்குள்ளும் அடங்காது, பல்லு மரத்தில் கொளுவினால் மெஷினைப் பிடித்து நிறுத்த ஒருவராலும் முடியாது. மரத்துக்கு வாள் இருக்கிறது.

பற்றரிக் கிரைண்டர் பாதுகாப்பானதா?

வயர் தடக்காது, மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கும் பயம் இல்லை. டிஸ்க் அதே டிஸ்க், வேகமும் கிட்டத்தட்ட அதே வேகம். டிஸ்க் மாற்ற முன் பற்றரியைக் கழற்றுங்கள்.

கையை வெட்டிவிட்டது. முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது?

சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள், எடுத்தெடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலே இன்னொன்று. உள்ளே டிஸ்க் துண்டு குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம், அதைச் சுற்றி அழுத்துங்கள். கோப்பித்தூள், மஞ்சள், தேயிலை எதுவும் போடாதீர்கள். விரல் துண்டாகியிருந்தால் ஈரமாக்கிய சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரத்தம் நிற்காமல் பாய்ந்தால் அழைத்துக்கொண்டே அழுத்துங்கள்.

வேலையில் காயப்பட்டால் முதலாளி காசு தர வேண்டுமா?

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வையுங்கள், என்ன வேலை செய்யும்போது நடந்தது என்று அதில் எழுதும்படி கேளுங்கள். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போய் விசாரியுங்கள். கையில் நியமனக் கடிதம் இல்லை என்பதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

வேலை பழக வரும் தம்பிக்கு முதல் நாள் என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?

முதல் நாள் கரண்டே இல்லை. பிளக்கைக் கழற்றிய மெஷினை மடியில் வைத்து, டிஸ்க்கை மாட்டு, கழற்று, வளையத்தில் திகதியை வாசி, கவரைத் திருப்பு, திரும்ப மாட்டு. அவனே அலுத்துப்போகும் வரை. இரண்டாம் நாள் கிளாம்ப் போடப் பழகுவது. எங்கே தாங்கினால் வாய் திறக்கும், எங்கே தாங்கினால் மூடும் என்று ஒரு பழைய பொக்ஸ் பாரை ஹெக்ஸோ பிளேடால் வெட்ட விட்டுக் காட்டுவேன். பிளேட் இறுகி நிற்கும்போது அவன் கையே அதை உணரும்.

மூன்றாம் நாள் பிளக். கண்ணாடி, ஷீல்ட், காது அடைப்பான், கையுறை எல்லாம் போட்டதும் அவன் பக்கத்தில், டிஸ்க்கின் கோட்டுக்கு வெளியே நான் நிற்பேன். முதல் வெட்டு ஒரு இஞ்சி பொக்ஸ் பார். வெட்டி முடிந்ததும் பெரும்பாலான தம்பிமார் உடனே மெஷினைக் கீழே வைக்கக் குனிவார்கள். தோளைப் பிடித்து நிறுத்தி, டிஸ்க்கில் அச்சடித்த எழுத்து வாசிக்கும்படி தெரியும் வரை பிடித்துக்கொண்டிரு என்று சொல்வேன்.